மூணே சைட்டு மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை உதறினால் நோட்டீஸ் விழும். "காரமடை கோயிலிலிருந்து 5 நிமிடம், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம், இன்னும் 3 மனைகள் மட்டுமே!" பொங்கலுக்கும் மூன்றுதான் மிச்சம் இருந்தது, ஆடிப்பெருக்குக்கும் மூன்றுதான். விற்க விற்கக் குறையாத இந்த அட்சய பாத்திரத்தின் சொந்தக்காரர்தான் சைட்டுக்காரர்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டினால் மேட்டுப்பாளையம் வரை எந்த டீக்கடையிலும் இவரைப் பார்க்கலாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் நாலாக மடித்த லேஅவுட் பிளான், கையில் இரண்டு போன். ஒன்றில் பேசுவார். மற்றதை, நாம் விலையைக் குறைத்துக் கேட்கிறபோது மட்டும் காதில் வைத்து, "இல்லீங்க டாக்டர், அந்தக் கார்னர் சைட்டு போயிருச்சுங்க" என்பார். அந்தப் போன் மணியடித்து யாரும் கேட்டதில்லை.

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உட்கார்ந்து மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித்தருவார். கதைக்காகப் படிக்கிறவர்கள் புரட்டித் தள்ளிவிடும் இடம். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. ஆக, மனுஷன் 33 வகையாகத் தப்பு வாதம் பண்ணலாம் என்று கணக்கு. வகுப்பில் இதற்கு உதாரணம் கிடைக்காமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சைட்டுக்காரரைச் சந்தித்த பிறகுதான், ஓய்வு பெற்றது அவசரமோ என்று தோன்றியது.

நானும் வீட்டுக்காரம்மாவும் அவர் காரிலேயே போனோம். நோட்டீஸ் 5 நிமிடம் என்ற தூரத்துக்கு 25 நிமிஷம் ஆனது. உயர்வு நவிற்சிதானே, போகட்டும். இடம், நேற்றுவரை கறிவேப்பிலை போட்டிருந்த காடு. செடியைப் பிடுங்கிவிட்டுக் கல் நட்டிருந்தார்கள். வேலியோரம் தப்பித்துக் கிடந்த நாலைந்து குத்தில் வீட்டுக்காரம்மா ஒரு கை ஒடித்துக்கொண்டாள்.

"ரொம்ப அமைதியான இடமுங்க சார்!" என்று கத்தினார். கத்தாவிட்டால் கேட்காது, பக்கத்துக் காட்டில் போர்வெல் லாரி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணும் காதும் கண்டதற்கு நேர்மாறாக அடித்துச் சொல்வதைப் பிரத்தியக்க விருத்தம் என்பார் அடிகள். அதற்கு அவர் காட்டும் உதாரணமே, சத்தம் காதுக்குக் கேட்காது என்று ஒருவன் சாதிப்பதுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அங்க பாருங் சார், மலை! இனி வெலை ஏறாம என்ன பண்ணும்?" காரமடையில் எங்கே நின்றாலும் மலை தெரியும். விலை ஏறின காட்டிலிருந்தும் தெரியும், பல வருஷமாக ஆள் வராத காட்டிலிருந்தும் தெரியும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற காரணம் ஒன்றையும் நிறுவாது. இதற்கு அநைகாந்திகம் என்று பெயர் வைத்தவர்கள் மலையைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

அடுத்தது பெருமாள். "அரங்கநாதரே இடம் பாத்து உக்காந்த ஊருங்க இது." காரைப் புதரில் பசு பால் சொரிந்து சுவாமி வெளிப்பட்ட கதை இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவர் சொன்ன தோரணையில், பெருமாள் முதல் பேஸிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டது போலிருந்தது.

"வெள்ளக்காரன் 1899லயே மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூருக்கு ரயிலு வுட்டானுங்க. அவனென்ன கூறு கெட்டவனுங்களா?"

அவன் ரயில் விட்டதே இந்த வெயில் தாங்காமல் மேலே ஓடுவதற்குத்தான். காட்டின காரணமே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னால் அது விருத்தம். நான் வாயெடுப்பதற்குள் எங்கோ மயில் அகவியது. "கேட்டீங்களா சார், உங்கள வாங்கச் சொல்லுது." இயல்பாக நடப்பதில் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம், வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், இத்தனை சுருக்கமான உதாரணம் எனக்கு வாய்த்ததில்லை. மனசுக்குள் கைதட்டினேன்.

"எப்பிடிங் சார் இருக்குது?" என்றார். சும்மா இருக்க முடியுமா? "காத்து நல்லா வருதுங்க" என்று வைத்தேன்.

வீட்டுக்காரம்மா மணிமேகலை படித்தவள் இல்லை. "ஏனுங்க, தண்ணி எத்தன அடியில வருது?" என்று கேட்டாள்.

அவர் இரண்டாவது போனைத் தேடினார். "அக்கா, பில்லூர்த் தண்ணியே இந்தப் பக்கந்தானுங்க போகுது."

"போகுது சரி, நிக்குமா?"

பக்கத்துக் காட்டு லாரி இன்னும் வெள்ளைப் புழுதியைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. மூவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினோம். திரும்பும் வழியில் இளநீர் வாங்கித் தந்தார், வேண்டாமென்றும் விடவில்லை. சைட்டுக்காரர்களிடம் எனக்குக் கோபம் தங்காததற்கு இந்த உபசாரம்தான் காரணம்.

அடுத்த ஞாயிறு பேப்பரை உதறினேன். பச்சைத் தாளில் புது நோட்டீஸ்: "ஓய்வுபெற்ற தமிழாசிரியர் குடும்பத்துடன் நேரில் பார்வையிட்டு, காற்றோட்டத்தை மனமாரப் பாராட்டிய மனைப்பிரிவு! இன்னும் 3 மனைகள் மட்டுமே!"

வீட்டுக்காரம்மா அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"நீங்க எப்போ மனமாரப் பாராட்டுனீங்க?" என்றாள்.