கேள்வி கேட்காத வள்ளல்

புரதம் படியும் வேகத்தைக் கணக்கிடும் மென்பொருளே, கொடுக்குமுன் ஒரு கேள்வியும் கேட்காத உன் கொடைக்கு ஈடு கண்டதில்லை.

மாட்டு ஆல்புமினை அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, ஸ்கேன்களை உன்னிடம் தந்தேன். ஒரு கிராம் புரதம் கரைசலில் அடைக்கும் இடம் 0.73 மில்லிலிட்டர் என்றேன். மூலக்கூறு எடையைக் கொடுத்தாய். அடுத்த மேசையில் உன் பங்காளியிடம் யாரோ 0.74 என்றார்கள், அவனும் கொடுத்தான். இரண்டுக்கும் ஏறத்தாழ 4 சதவீத வித்தியாசம். ஓலே லாம் 1929இல் தந்த சமன்பாட்டைத்தான் இருவரும் தீர்க்கிறீர்கள். உங்களுக்குள் பகையே இல்லை. மிதப்புப் போக மிஞ்சுவது 0.27 மட்டுமே, அதில் 0.01 பெரிய பங்கு என்று சொல்லிக் காட்டும் வழக்கமும் இருவருக்கும் இல்லை.

அடக்கமோ அதற்கும் மேல். 4 டிகிரியில் ஓட்டிய சோதனைக்கு நீ பஃபரில் கண்ட வேகத்தையே எழுதுகிறாய். அவன் 20 டிகிரித் தண்ணீருக்கு மாற்றி எழுதுகிறான். அந்தக் குளிரில் தண்ணீரின் பாகுநிலை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனாலும் இருவர் அட்டவணையிலும் தலைப்பு ஒரே 'எஸ்'. செய்ததை வெளியே சொல்லிக்கொள்ளாத பெருந்தன்மை!

உருண்டைப் புரதமும் நெட்டைப் புரதமும் ஒரே குப்பியில் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே உராய்வு விகிதம் வைத்து எடை போடுகிறாய். பேதம் பார்க்காத மனசு.

உன் நம்பிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கோப்பில் எழுதிய நேரத்தை நீ சந்தேகிப்பதில்லை. நேரமெல்லாம் ஒரே விகிதத்தில் தவறினால் கோடு புள்ளிகளை விட்டு விலகாது. வேகம் மட்டும் தவறிவிடும். 2015இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 67 ஆய்வகங்கள் ஒரே ஆல்புமினை அளந்தன: 3.655 முதல் 4.949 ஸ்வெட்பெர்க் வரை விடைகள் வந்தன. நேரம், வெப்பநிலை, ஆர அளவு மூன்றையும் வெளியிலிருந்து சரிபார்த்துத் திருத்தியபின் சிதறல் 4.4 சதவீதத்திலிருந்து 0.7 ஆகச் சுருங்கியது. திருத்தியவர்கள் மனிதர்கள். நீ எந்த ஆய்வகத்தையும் சங்கடப்படுத்தவில்லை.

நேற்று ஒரு மாணவி, திரவத்தின் மேல்விளிம்பை அரை மில்லிமீட்டர் தள்ளிக் குறித்துவிட்டாள். கோடு புள்ளிகளை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எச்சப் படம் வில்லாய் வளைந்து கிடந்தது. அதைச் சொல்லி அவள் மனம் நோகச் செய்யாமல், விடையை மூன்று தசமத்தோடு கையில் கொடுத்தாய். அவள் அதை ஆய்வேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.