முதுகு பார்க்கும் பெரியவர்

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கிலிருந்து ஓய்வு பெறுபவர்களில் இரண்டு வகை. ஒரு வகை பேரனைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு வகை கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் வகைப் பெரியவர் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். பேப்பரைத் தொடமாட்டார். நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகங்களின் முதுகைப் பார்ப்பார். பீஸை எடுத்ததும் லேபிளைத் தேடிப் பழகிய கண் அது.

"ஏனுங்க தம்பி, இதுல 'பாகம் 1'ங்குது. அதுல 'முதற் பாகம்'ங்குது. இந்தா, இது 'தொகுதி'ங்குது, அதுவும் ரோமன் நெம்பர்ல. ஒரே ஸ்டைலுக்கு மூணு லேபிளா? பையர் பாத்தா லாட்டையே ரிஜெக்ட் பண்ணிப்போடுவானுங்க!"

கையில் இருப்பது பொன்னியின் செல்வன். 1950இல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் ஆளாளுக்கு அச்சடித்தார்கள். ஆளாளுக்கு எண்ணும் போட்டார்கள்.

"அட்டையில உள்ளபடிதானுங்க பதியணும்" என்பார் நூலகர்.

"பதியுங்க, ஆரு வேண்டாங்கறா? தேடற எடத்துல மட்டும் ஒரே மாதிரி போடுங்க."

சிரிப்பு வந்தாலும் பேச்சில் பிழையில்லை. உலக நூலகங்கள் பலவும் பின்பற்றும் மார்க் 21 முறை சொல்வதும் இதையேதான்: தொடரின் எண்ணை 490ஆம் புலத்தில் நூலில் கண்டபடி எழுது, தேடலுக்கான 800, 830 புலங்களில் ஒரே சீராக எழுது. பெரியவர் மார்க் படித்ததில்லை. பேக்கிங் லிஸ்ட் படித்திருக்கிறார்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அவருக்கு வேலை கூடிவிட்டது. ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்கள். எண்ணையும் எழுத்தாகவே அடுக்கும் பட்டியலில் 1க்குப் பக்கத்தில் 10 வந்து உட்காரும். முதற்கனலை முடித்தவர், மழைப்பாடலைத் தாண்டிப் பத்தாவதான பன்னிரு படைக்களத்தில் போய் விழ வேண்டியதுதான். "01, 02ன்னு போடுங்க தம்பி" என்று ஒரு வாய் டீக்குள் தீர்த்துவைத்தார்.

நூலகவியலுக்கு ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் தந்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது அதில் நாலாவது. பெரியவரிடம் சொன்னால், "நாலா, ரோமன் நாலா?" என்பார்.

அன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண் ஆசையாய்க் கேட்டாள்: "ஐயா, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் உங்களுக்கு அத்துப்படியாமே! ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருங்கய்யா?"

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? காலம் பூரா எக்ஸ்போர்ட் டீசர்ட் செக் பண்ணுனேன். ஒண்ணையாச்சும் போட்டுப் பாத்திருக்கேனா?"