முதல் மலையேறியின் மூட்டை: கடல்மட்டத்திலிருந்து சில ஆய்வுக் குறிப்புகள்

குச்சவெளியில் பிறந்தவருக்கு மலை என்பது பெயரளவில் நன்றாகப் பழகிய ஒன்று. மாவட்டத்தின் பெயரிலேயே மலை இருக்கிறது. நிலாவெளிக்கு நேரே கடலுக்குள் கிடக்கும் தீவையும் புறாமலை என்கிறோம். தென்னைக்கு மேலே எது தலை நீட்டினாலும் அதை மலையாக்கிவிடும் தாராளம் இக்கரையோரத்தாருக்கு உண்டு. இதே ஆட்கள் 2,243 மீற்றர் உயரமுள்ள நிஜ மலையொன்றுக்கு, அதுவும் இரவில், முதன்முறை புறப்படும்போது அந்தத் தாராளம் முழுவதும் மூட்டைக்குள் இறங்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் சிவனொளிபாதமலை. உச்சியிலுள்ள பாதம் இந்துக்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்குப் பாவா ஆதமுடையது. ஆகவே எங்கள் ஊரில் இதற்கொரு வானை நிரப்புவது சிரமமில்லை. யாருடைய பாதம் என்பதில் வானுக்குள் வாக்குவாதம் எழவில்லை. யாருடைய மூட்டையைக் கூரையில் கட்டுவது என்பதில்தான் எழுந்தது.

முதன்முறை ஏறுகிறவரைச் சிங்களத்தில் ‘கோடுகாரயா’ என்பார்கள். கூட்டத்தை நடத்திப் போகும் பழைய ஆள் ‘நடே குரா’. எங்கள் நடே குரா பலமுறை ஏறி இறங்கிய ஓய்வுபெற்ற வாத்தியார். “குளிருக்கு ஏதாவது கொண்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னார். ‘ஏதாவது’ என்ற சொல்லுக்கு எல்லை வகுக்காதது அவருடைய முறையியல் தவறு.

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். மாசி மாதத்து இரவில் குச்சவெளியில் 25 பாகை என்றால் உச்சியில் அது 10 பாகையை ஒட்டி வந்து நிற்கும். காற்று தனிக்கணக்கு. பத்துப் பாகையைத் தோல் அறியாதவர் கற்பனையால் அறியப் பார்க்கிறார். கற்பனையோ இமயமலையில் போய்த்தான் நிற்கிறது. அதனால் வானுக்குள் வந்தவை: கம்பளிகள், கடலுக்குப் போகும்போது போடும் மழைக்கோட்டு, சித்தாலேப டப்பாக்கள், இரண்டு வீட்டுக்குப் போதுமான இடியப்பம், ஒரு தலையணை.

தலையணையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நள்ளிரவை ஒட்டி அடிவாரத்து நல்லதண்ணியில் காலை வைத்தால் விடியமுன் உச்சி. சூரியன் எழும்பி, மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுவதைப் பார்த்துவிட்டு இறக்கம். இதில் படுப்பதற்கென்று ஒரு நிமிடமும் இல்லை. மாமி ஒருவரிடம் இதை எடுத்துரைத்தேன். “படுக்கிறதுக்கில்லைத் தம்பி, இருந்தா ஒரு தைரியம்” என்றார். பதிலை அப்படியே பதிவுசெய்துகொண்டேன்.

வரலாற்று முன்னோடியையும் தவிர்க்க முடியாது. 1344இல் பயணி இப்னு பதூதா புத்தளத்திலிருந்து இதே மலைக்குப் புறப்பட்டபோது, அவரும் கோடுகாரயாதான். மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துப் பரிவாரத்தார், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டியனுப்பினார். ஒரு வயிற்றுக்குப் பதினைந்து தோள் என்ற இந்த விகிதத்தோடு ஒப்பிட்டால் மாமியின் இடியப்பம் அடக்கமானதே. காட்டு அட்டைக்குத் தேசிக்காய்ப் புளி பிழிவதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். நாங்களும் தேசிக்காய் கொண்டுபோனோம். நாங்கள் ஏறிய ஹற்றன் பக்கத்துப் பாதை படிக்கட்டுகளாதலால் அட்டை ஒன்றும் அகப்படவில்லை. தேசிக்காய் பிளேன்ரீயோடு முடிந்தது.

கருதுகோளுக்குப் பாதகமான சான்றும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் ஆண்டுதோறும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நடைக்கு அவர்கள் தோளில் ஒரு துணிப்பொட்டலம். ஓர் இரவுக்கு எங்களிடம் ஒரு குடித்தனம். ஆக, நடை நீள நீள மூட்டை சிறுக்கும் என்று கொள்ளலாமா? கொள்ளலாம், வாசலில் நின்று பார்ப்பவர் அதிலிருந்து பாடம் கற்பார் என்று மட்டும் கொள்ளலாகாது.

நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். வழிநெடுகத் தேத்தண்ணிக் கடைகள். நாங்கள் பாதி நாட்டைக் கடந்து சுமந்துவந்த கம்பளித் தொப்பி, பிஸ்கட், சித்தாலேப எல்லாம் அங்கே தொங்குகின்றன. இன்னொரு வேடிக்கை, ஏறும்போது குளிர்வதே இல்லை. முதல் ஐந்நூறு படியில் கம்பளி கழன்று கைக்கு வந்தது, அடுத்த ஐந்நூறில் கையிலிருந்து பிள்ளைகளின் தோளுக்குப் போனது. குளிர் காத்திருப்பது உச்சியில், வியர்வையில் நனைந்த சட்டையோடு விடியலுக்காகக் குந்தியிருக்கும் அந்த நேரத்தில்தான். அப்போது வேண்டியது காய்ந்த சட்டை ஒன்று. அது வாத்தியாரிடம் மட்டும் இருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

மூட்டையிலிருந்த பொருள்களில் மலையில் விட்டுவரவென்றே எடுத்துச் சென்றவை ஊசியும் நூலும். புத்தர் தம் சீவரத்தைத் தைத்ததாகச் சொல்லப்படும் இந்திகட்டுபானவில் கோடுகாரர்கள் அவற்றை வைப்பது வழக்கம். பாதையோரம் வெள்ளை நூல் வலைபோலப் படர்ந்திருக்கும். எங்கள் நூல் முழுசாக அதுவரை போகவில்லை. அதற்கு முன் வரும் சீதகங்குலவில் மாமியின் பையின் வார் அறுந்தது. டோர்ச் வெளிச்சத்தில் தைத்தார்கள். இந்திகட்டுபான வந்ததும் வாரில் தொங்கிய மிச்ச நூலை மாமி பல்லால் கடித்தெடுத்து, ஊசியோடு சேர்த்து அங்கே பக்தியாக வைத்தார்.

பத்துப் படி ஏறவில்லை, வார் மறுபடி அறுந்தது. வாத்தியார் ஒன்றும் பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டார்.