வந்துதா?

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை எங்கள் குடியிருப்பில் முதலில் தலைகாட்டுவது மரவட்டை. அடுத்தது இவர். லுங்கியை மடித்துக் கட்டி, கையில் டார்ச், தோளில் பழைய துண்டு. தன் 1997 மாடல் மாருதி 800-இன் நாலு கதவையும் திறந்து வைத்து, கால்மாட்டு மேட்டிங்கை விரலால் அழுத்திப் பார்த்து, "எறங்கியிருக்கு" என்பார். 1995-இல் பிள்ளையார் பால் குடித்ததை வீடுவீடாகப் போய்ச் சொன்னவர்கள் குரலில்கூட இவ்வளவு பரவசம் இருந்ததில்லை.

உங்கள் பக்கத்திலும் இருப்பார். அம்பாசிடரோ பத்மினியோ, வண்டிதான் வேறு.

கார் ஒழுகுவதில் தப்பில்லை. கால் நூற்றாண்டு தாண்டிய பீடிங் ரப்பர் அப்பளம்போல விறைத்துப் போகத்தான் செய்யும். ஆனால் எந்த வழியாக ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, வண்டிக்குள் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம்."

கண்ணாடியெல்லாம் ஏற்றி, என் கையில் டார்ச்சைத் திணித்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார். டேஷ்போர்டிலும் கதவோரத்திலும் முகப் பவுடர் தூவியிருக்கும்; தண்ணீர் வந்தால் தடம் கோடாகத் தெரியுமாம். தும்மல் என் கணக்கு. வெளியே ஹோஸ் பைப். கீழேயிருந்து மேலே போவதுதான் சட்டம்: முதலில் கதவின் அடி, அப்புறம் கண்ணாடி விளிம்பு, கடைசியில்தான் கூரை. எடுத்த எடுப்பில் மேலே அடித்தால் எல்லாம் நனைந்து, எங்கே நுழைந்ததென்றே தெரியாது. முறை சரிதான், மறுக்கவில்லை. ஓர் இடத்துக்குப் பத்து நிமிஷம் என்பது, வெளியே காற்றில் நிற்பவர் போட்ட கணக்கு.

"வந்துதா?"

"வரல சார்."

"நல்லா பாருங்க."

பார்க்கிறேன். என் நெற்றியிலிருந்துதான் சொட்டுகிறது.

"வந்துதா?"

"வரல சார்."

"அவசரப்படாதீங்க. தண்ணி ஒரு எடத்துல நுழைஞ்சு இன்னொரு எடத்துலதான் சொட்டும்."

உண்மை. முன்கண்ணாடி ஓரம் நுழைந்த தண்ணீர், தகட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் பின்சீட்டுக்கு அடியில் குளம் கட்டும். அதனால் ஞாயிறுக்கு ஒரு குற்றவாளி. டிக்கி லைட்டின் வாஷர். டோர் பேடுக்குப் பின்னால், ஸ்பீக்கர் மாட்ட வந்த பையன் கிழித்துவிட்டுப் போன பிளாஸ்டிக் தாள். வைப்பருக்குக் கீழே வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்ட பள்ளம். அந்தச் சருகை அள்ளிப் போட்டாலே பாதி ஒழுகல் நிற்கும். அள்ள மாட்டார். "தடயம் கலைஞ்சிடும்."

ஒருநாள் தேங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனார். கூலன்ட் என்றால் இனிக்குமாம். "அது விஷம் சார்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "பின்ன எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கோபித்துக்கொண்டார்.

சித்திரையில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், இடதுபக்கக் கால்மாட்டில் தண்ணீர். மெக்கானிக் வந்து, ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயில் காற்றடித்தார். அழுக்கோடு ஒரு சொம்பு கொட்டியது. ஐந்தே நிமிஷம். எனக்கு விடுதலை என்று நினைத்தேன். இவர் முகம் தொங்கிப்போயிற்று.

"இது வேற தண்ணி தம்பி. நாம தேடறது இது இல்ல."

எப்போது 'நாம' ஆனோம்?

விளையாட்டில்லாமலே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர் அடிக்கும் தண்ணீர் பொதுத் தொட்டியிலிருந்து வருகிறது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்தால் காற்றுதான். லாரித் தண்ணீருக்கு எல்லா வீடும் சமமாகப் பணம் கட்டுகிறோம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அடுத்த வாரமும் "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று அழைப்பு மணி அடித்தார்.

போனேன்.

"வந்துதா?"

முன்கண்ணாடியின் இடது மூலை இடுக்கிலிருந்து பவுடரில் ஒரு கோடு மெல்ல இறங்கியது. சந்தேகமே இல்லை. இதற்கு முன்னால் ஒருமுறை "வந்துது" என்று சொல்லித் தொலைத்தேன். சீட், மேட்டிங் என்று சகலத்தையும் கழற்றி மொட்டைமாடியில் இருபது நாள் காயப்போட்டார். துணி உலர்த்த இடமில்லாமல் என் மனைவி என்னைப் பேசியது தனி.

"தம்பி, வந்துதா?"

கைக்குட்டையால் கோட்டைத் துடைத்தேன்.

"வரல சார்."