முதலையா, கோழியா?

மலேசியக் குடிமகன் ஒருவர் மலேசியாவுக்குள்ளேயே குடிநுழைவு வரிசையில் நிற்கும் காட்சியைக் காண ஆசையிருந்தால் கூச்சிங் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். 1963இல் மலேசியா உருவானபோதே, கூச்சிங் இருக்கும் சரவாக் மாநிலம் தன் வீட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டது. கோலாலம்பூரிலிருந்து வருகிறவரும் அடையாள அட்டையை நீட்டியாக வேண்டும். 90 நாள் வரை தங்கிக்கொள்ளலாம். ஈப்போவில் பிறந்து ஈப்போவிலேயே தலை நரைத்த என் மைத்துனன் வெளியே வந்து, "சொந்த நாட்டுலயே நம்மள விருந்தாளி ஆக்கிட்டாங்க மாமா" என்றான். விருந்தாளி என்பது எவ்வளவு கடினமான உத்தியோகம் என்று அப்போது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் சாகசங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள்: ஒராங் ஊத்தான் தரிசனம், காட்டாற்றில் நீள்படகு, அருவி, ஊதுகுழலில் அம்பெய்தல். கடைசியில் 'இபான் பழங்குடி மக்களோடு ஓர் இரவு'. அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் 'ஓய்வு' என்று அச்சடித்திருந்தது.

ஒராங் ஊத்தானைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கூச்சிங்குக்குப் பக்கத்தில் செமெங்கோ என்ற காட்டில் காலையும் பிற்பகலும் அவற்றுக்குப் பழம் வைக்கிறார்கள். காட்டிலேயே பழம் பழுத்துக் கிடக்கும் பருவத்தில் அவை இந்தப் பந்திக்கு வருவதில்லை. நாங்கள் போனது பழப் பருவம். மேடையில் வாழைப்பழம், எதிரே காமிராவோடு நாங்கள். வாழைப்பழத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு அதில் வருத்தமில்லை, மரியாதைதான் கூடியது. ஓசிச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதற்காக வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவராத ஒரு ஜீவனை நான் எந்தக் கல்யாண மண்டபத்திலும் கண்டதில்லை.

கூச்சிங்கிலிருந்து பாத்தாங் ஆய்க்கு நாலைந்து மணி நேரச் சாலை. சாலை முடிகிற இடத்தில், பச்சை மலைகளுக்கு நடுவே, ஆடாத அசையாத ஒரு ஏரி. "சுவிட்சர்லாந்து தோத்துது போ" என்று மைத்துனன் ஃபோனை எடுத்தான். உண்மையில் அது ஏரி அல்ல, நீர்மின் அணையின் தேக்கம். அணை 1985இல் முடிந்தது. எங்களை அழைத்துப்போக வந்திருந்த இபான் பையன் தண்ணீரின் நடுவே ஓரிடத்தைக் கைகாட்டி, பஸ் நிறுத்தத்தைக் காட்டுவதுபோல, "தாத்தாவோட மிளகுத் தோட்டம் அங்க, அடியில" என்றான். அணைக்காக அந்தப் பள்ளத்தாக்கில் வீடு வீடாகக் கிளப்பி மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தண்ணீரின் மேல் படகோட்டி நம்மை மகிழ்விக்கிறார்கள். மைத்துனன் ஃபோனைப் பைக்குள் போட்டான். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நீள்படகு ஓராள் அகலம். பின்னால் மோட்டார்க்காரர், முன்னால் கழிக்காரர், நடுவில் சரக்குகளாக நாங்கள். தேக்கம் முடிந்து ஆறு தொடங்கியதும் அடியில் கூழாங்கல் தட்ட ஆரம்பித்தது. கழிக்காரர் தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் மனைவியைத் தவிர மற்றவர்களை இறங்கச் சொன்னார். படகுச் சவாரிக்கென்று பணத்தைக் கட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு போனோம். மேலே குடை பிடித்து உட்கார்ந்திருந்தவள், "கல்யாணத்தன்னிக்கு ஊர்வலம் வைக்கலைன்னு எங்கப்பாவுக்கு ஒரு குறை இருந்துச்சுங்க. இன்னிக்குத் தீர்ந்துச்சு" என்றாள்.

இபான் நீள்வீடு என்பது ஒரே கூரையின் கீழ் ஒரு முழுத் தெரு. குடும்பத்துக்கு ஒரு வாசல், உள்ளே அவரவர் குடித்தனம். வாசல்களுக்கு முன்னால், வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கூரை வேய்ந்த பொதுக்கூடம். அதை ருவாய் என்கிறார்கள். அதற்கும் வெளியே வெயில்படும் பலகைத் தளம். அதில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. வீடு எவ்வளவு பெரிது என்று கேட்டால் அடிக்கணக்கு சொல்லமாட்டார்கள். வாசல் கணக்குத்தான். எங்களுக்கு வாய்த்தது 18 வாசல்.

போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது. கொண்டுபோனதை வீட்டுத் தலைவரான துவாய் ரூமாவிடம் கொடுக்க வேண்டும். அவர் எல்லா வாசலுக்கும் சமமாகப் பங்கிடுவார். நாங்கள் கொண்டுபோனது மைத்துனன் மனைவி ஈப்போவில் சுட்டுக் கொடுத்த இரண்டு கிலோ முறுக்கு.

தலைவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். 18 காகிதத் துண்டுகள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்கு, அடுத்த சுற்றில் இன்னொன்று என்று பிசகாமல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றில் முறுக்கு பாதியில் தீர்ந்துபோனது. கூடம் அமைதியானது. அந்தச் சுற்றில் வைத்ததையெல்லாம் திரும்ப எடுத்து நடுவில் குவித்தார். பெரியவர்கள் தலைகூடி ஆலோசித்து, உடைத்துப் பங்கு வைப்பதென்று தீர்மானித்தார்கள். நம் முறுக்கு நேர்கோட்டில் உடைகிற பொருளா? 'மளுக்'கென்று நாலு திசையிலும் தெறித்தது. ஒரு பாட்டி சிதறலைக் கூட்டி, உள்ளங்கையிலேயே எடை பார்த்து, ஒவ்வொரு காகிதத்திலும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார். ஒரு வாசல் பூட்டியிருந்தது. அந்தக் குடும்பம் பிந்துலுவில் வேலையாம். அவர்கள் பங்கும் மடித்துக் கதவிடுக்கில் செருகப்பட்டது.

மனைவி என் காதருகே குனிந்து, "உங்கப்பா சொத்தை இவர் கையில குடுத்திருந்தா உங்கண்ணன் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டாருங்க" என்றாள்.

இதுவரை சுகம். பங்கு வாங்கிய ஒவ்வொரு வாசலும் பதிலுக்கு எங்களை உள்ளே கூப்பிடத் தொடங்கியபோதுதான் 'ஓய்வு' ஆரம்பமானது. ஒரு வாசலில் உட்கார்ந்துவிட்டு அடுத்த வாசலைத் தாண்டிப் போக முடியாது. வாசலுக்கு ஒரு பாய், பாய்க்கு ஒரு தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்த துவாக் என்ற கள். தட்டில் நாங்கள் கொடுத்த முறுக்கும் இருந்தது.

அங்கே ஒரு நியதி உண்டு. நீட்டிய உணவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் ஆபத்து வரும். பாம்பு கடிக்கலாம், முதலை பிடிக்கலாம். சாப்பிட முடியாதவர்கள் விரல் நுனியால் அதைத் தொட்டுவிட்டாலே போதும், தோஷமில்லை. என் மனைவி பரம்பரைச் சைவம். முதல் வாசலிலேயே மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுட்ட கோழி வந்தது. மைத்துனன் நியதியை விளக்கினான். அவள் மூங்கிலைப் பார்த்தாள். தள்ளிவந்த ஆற்றை நினைத்தாள். "இந்த ஆத்துல நிஜமாவே முதலை இருக்காடா?" என்றாள். "சரவாக் ஆத்துல இல்லாம?" என்றான் தம்பி. முதலையா கோழியா என்று வந்துவிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலை நீட்டினாள். அதற்குப் பிறகு வாசலுக்கு வாசல் மீன், காட்டுப்பன்றி, பெயர் தெரியாத இன்னொன்று என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு, தண்ணீர்ச் செம்பில் விரலைக் கழுவிக்கொண்டே வந்தாள். சாப்பிட்டது சோறும், மிடின் என்ற காட்டுப் பெரணிக்கீரையும். அந்தக் கீரை பிரமாதம். பூண்டு போட்டு வதக்கியிருந்தார்கள்.

துவாக்குக்கு என்னிடம் ஒரு கேடயம் இருந்தது. "எனக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லச் சொன்னேன். மைத்துனன் மலாயில் சொன்னான். எதிரே இருந்த பாட்டி மலர்ந்துபோய், தலையணைக்கு அடியிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நான் விழுங்குகிற அதே மாத்திரை, அதே அளவு. காட்டிவிட்டு என் கோப்பையை நிரப்பினார். எல்லோரும் "ஊ...ஹா!" என்று கூவினார்கள். பாதி வாசல்களுக்குப் பிறகு நடந்ததற்கு மைத்துனனின் ஃபோன்தான் சாட்சி.

அந்தக் காணொளியில் ஒரு கிழவரோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தோள்முனையிலும் கத்தரிப்பூவைப் பச்சை குத்தியவர். இபான் வாலிபர்கள் சம்பாதிக்க வெளியூர் கிளம்பும் வழக்கத்துக்குப் பெஜலாய் என்று பெயர்; கிளம்பும் வயதில் குத்துவதுதான் அந்தப் பூ. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? கிழவர் மரம் வெட்டும் முகாம்கள், புருணை, சிங்கப்பூர் என்று சுற்றி, கடைசியில் ஜொகூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்திருக்கிறார். காட்டின் ரகசியம் ஏதாவது சொல்வார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் மிளகு விலை விழுந்ததைச் சொன்னார், பேத்தியின் பரீட்சையைச் சொன்னார், மலைமுனையில் ஒரேயொரு இடத்தில்தான் ஃபோனுக்குச் சிக்னல் எடுக்கிறது என்று குறைப்பட்டார். பட்டறையில் கூட வேலை பார்த்த தமிழர்களிடம் தமிழ் கற்றதாகச் சொல்லி, நினைவிலிருந்த நாலு சொற்களை உரக்கச் சொல்லிக் காட்டினார். உச்சரிப்பு சுத்தம். அர்த்தத்தை இங்கே எழுத முடியாது. மனைவி எழுந்து வெற்றிலை போடும் பாட்டியிடம் போய்விட்டாள். அங்கே அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் முறைப்படி இருந்தன, காம்பைக் கிள்ளுவது உள்பட.

பிறகு சேகண்டிகள் முழங்க ஆட்டம். ஙாஜாட் என்பது நிதானமான, கம்பீரமான நடனம். தலையில் இருவாட்சி இறகு, கையில் கேடயம், தரையைத் தொட்டும் தொடாமலும் பாதம். விருந்தாளியும் ஆடியாக வேண்டும். மைத்துனன் ஆடினான். அவனுக்குத் தெரிந்தது ஈப்போ கல்யாணங்களில் ஆடுகிற குத்து ஒன்றுதான். வாண்டுகள் அரை நிமிஷத்தில் அதைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஆடின. சேகண்டிக்காரரும் தாளத்தை மாற்றிக்கொண்டார்.

படுக்கை ருவாயில்தான். தலைக்கு மேலே விட்டத்தில், பிரம்பு வலைக்குள், பழைய மண்டையோடுகள். 1841 முதல் 1946 வரை சரவாக்கை ஆண்ட புரூக் என்ற வெள்ளைக்கார ராஜ வம்சம் தலைவேட்டையை ஒழிக்கப் பாடுபட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், ஜப்பானியர் தலை என்றால் மட்டும் நேசநாட்டு அதிகாரிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மனைவி எங்கள் எல்லோர் நெற்றியிலும் விபூதி இட்டுவிட்டு, விட்டத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாள். மண்டையோடுகள் ஒரு தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு சேவல்கள்தான். பந்தயச் சேவல்களை வாசலுக்கு வாசல் கட்டி வைத்திருக்கிறார்கள். நடுநிசிக்குப் பிறகு ஒன்று கூவியது. மற்றவை விடியும்வரை மறுப்புரை வழங்கின.

மறுநாளின் அருவி, அம்பு இரண்டும் இதற்கு முன்னால் குழந்தை விளையாட்டு. இரவு கொட்டிய மழைக்குக் காட்டுப்பாதையில் அட்டைகள் கிளம்பியிருந்தன. பழுப்பு அட்டை தரையிலிருந்து ஏறும், கடித்தால் தெரியாது. புலி அட்டை இலைமேல் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று தெரியும். அட்டையைப் பிடித்து மெத்தையில் கிடத்தினாலும் அது செத்தையைத்தான் நாடும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் செய்தவரை அட்டை கடித்ததில்லை. கூச்சிங் ஓட்டல் மெத்தையில் மைத்துனனின் சட்டைக்குள்ளிருந்து ஒன்று வெளிவந்தது. செத்தையை நாடும் எண்ணம் அதற்குத் துளியும் இல்லை.

ஊதுகுழல் கனமான மரத்தில் நீளமாகத் துளையிட்டுச் செய்தது. விஷம் தடவாத அம்பு. குறி, மரத்தில் கட்டிய அட்டைப்பெட்டி. நான் ஊதினேன், அம்பு என் காலடியிலேயே விழுந்தது. மைத்துனனுடையது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் பெட்டியைத் துளைத்தாள். ஈர விறகை ஊதி ஊதி வளர்ந்த நுரையீரல். பாட்டிகள் கைதட்டி, அவளை அடுத்த வருஷத்துக்கும் அழைத்தார்கள். எங்களை அழைத்ததாக நினைவில்லை.

போக நினைப்பவர்கள் போங்கள். ஜூன் 1 காவாய் டாயாக், அறுவடைத் திருநாள். அழைப்புக் கிடைத்தால் அன்றைக்கே போங்கள். வழிகாட்டி ஏற்பாடு செய்த வீட்டுக்கே போங்கள், அழையாமல் நுழையாதீர்கள். எத்தனை வாசல் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டுப் போங்கள். மாத்திரையைச் சாக்குச் சொல்லாதீர்கள். முறுக்கு வேண்டாம். கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். அதில்தான் வெட்டுக்கோடு போட்டிருக்கும்.