வரப்பு நடை: உடல்நலம், ஒற்றைக்கால் நிலை, பக்கத்து வயல்காரர் ஆகியவை பற்றி ஓர் ஆய்வு

அதிகாலையில் எழுங்கள், வெறும் வயிற்றில் தண்ணீர் குடியுங்கள், பத்தாயிரம் காலடி நடங்கள், கோபத்தைக் குறையுங்கள் என்று சொல்லும் புத்தகங்கள் ஊரெங்கும் விற்கின்றன. இவ்வாய்வாளன் புரட்டிய வரையில் அவற்றுள் ஒன்றும் வரப்பைப் பற்றிப் பேசவில்லை. அறிவுலகின் பெரிய ஓட்டை இது. விடிந்தும் விடியாத நேரத்தில் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, "வயலப் பாத்துட்டு வந்துர்றேன், காப்பியப் போட்டு வையி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் மனிதர் தஞ்சைத் தரணியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார். மேற்படி நான்கு அறிவுரைகளையும் அவர் ஒரே நடையில் முடித்துவிடுகிறார், நான்காவதைத் தவிர. நான்காவது ஏன் முடிவதில்லை என்பதே இவ்வாய்வின் மையம்.

வரப்பை முதலில் வரையறுத்துக்கொள்வோம். இரண்டு வயல்களைப் பிரிக்கும் மண்மேடு என்பது வருவாய்த் துறையின் பார்வை. உடற்பயிற்சியின் பார்வையில் அது, முழம் அகலம் இருந்தாலே நல்ல வரப்பு என்று பெயர் வாங்கும், ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் சேறுமான நடைபாதை. உச்சியில் அருகம்புல், சரிவில் நண்டு வளை, ஓரத்தில் ஊன்றிய உளுந்து. காலடிக்கு மிஞ்சிய இடமே இல்லை. அகலமாகப் போட்டால் எலி வளை தோண்டிக் குடியேறும் என்பதால் குறுகலாகவே போடச் சொல்வது வேளாண் அதிகாரிகளின் நெடுநாள் அறிவுரை. அதையும் மீறி எலி வந்தால் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. ஆக, நடப்பவர் எலிக்கும் இடம் கொடாமல், கிட்டியிலும் கால் வைக்காமல், உளுந்தையும் மிதிக்காமல் போக வேண்டும். ஔவையார் ஓர் அரசனை வாழ்த்த வந்து வரப்பைப் பற்றிப் பேசியதாகச் சொல்வார்கள். அவர் உயரத்தைப் பற்றி மட்டும் சொன்னார்; அகலத்தைச் சேர்த்திருந்தால் காவிரி டெல்டாவின் சிவில் வழக்குகளில் பாதி இருக்காது.

அடுத்து, பத்தாயிரம் என்ற எண். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று, காலடி எண்ணும் கருவியை இந்த எண்ணின் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவி முந்தி வந்தது, மருத்துவ ஆராய்ச்சி பிந்தி வந்தது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலி நிலம் என்பது இருபது மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அது சதுரமாக இருந்து, வெளிவரப்பில் ஒரு சுற்று வந்தால் 650 மீட்டர்; ஏறத்தாழ 940 காலடி. ஒரே சுற்றில் பத்தாயிரம் வேண்டுமென்றால் பத்து வேலி போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சுற்றளவு பத்து மடங்காக வேண்டுமானால் பரப்பு நூறு மடங்காக வேண்டும். நூறு வேலிக்கும் மேல்! 1970-ல் திருத்தப்பட்ட நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர்தான் அனுமதிக்கிறது. ஜப்பானிய எண்ணைச் சொந்த வரப்பில் ஒரே சுற்றில் எட்டுவது தமிழ்நாட்டில் சட்டவிரோதம் என்று இதனால் தெளிவாகிறது. நூறு வேலி வைத்திருந்த பழைய மிராசுதார்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அவர்கள் காரியஸ்தரை அனுப்பினார்கள். நிலம் வைத்திருந்தவர் நடக்கவில்லை. நடந்தவரிடம் நிலம் இல்லை. டெல்டாவின் பொருளாதார வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இவ்வாய்வாளனால் இயலாது.

எண்ணிக்கையை விட்டுத் தரத்துக்கு வருவோம். வரப்பு நடையின் உண்மையான பெருமை சமநிலையில் இருக்கிறது. 2022-ல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று, 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து நொடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடையே அடுத்த ஏழாண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நிற்க முடியாமை உள்ளே இருக்கும் தளர்ச்சிக்கு அடையாளம் என்றுதான் சொன்னார்கள்.

இதே பரிசோதனை நம் வயலில் தினமும் நடக்கிறது, மருத்துவர் இல்லாமல். நண்டு வளை வழியாகத் தண்ணீர் கீழ்வயலுக்கு ஒழுகுவதைப் பார்த்ததும் மனிதர் நிற்பார். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டுவார். குனிந்து ஒரு கை வைக்கோலைச் சேற்றோடு பிசைந்து வளைக்குள் திணிப்பார். பிறகு இடது காலை வரப்பின் மேல் ஊன்றி, வலது குதிகாலால் அந்த இடத்தை நாலு மிதி, ஐந்து மிதி. மண்வெட்டிக் காம்பு பிடிமானத்துக்கு. தண்ணீர் நின்றதா என்று பார்க்க, தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்திருப்பார். அவருக்கு எழுபது வயது என்றால் பிரேசில்காரர்கள் கைதட்டுவார்கள். அவரோ, "இந்த நண்டு பொழப்பக் கெடுக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைக்குப் போவார்.

இனி, ஆளுமை வளர்ச்சி. அது எதிரே ஆள் வரும்போது தொடங்குகிறது. முழ அகலத்தில் இரண்டு பேர் ஒதுங்க முடியாது. ஒருவர் வயலில் இறங்கியாக வேண்டும். யார் இறங்குவது? களத்தில் கண்ட விதிகள் இவை: வெறுங்கையோடு வருபவர் சுமையோடு வருபவருக்கு இறங்க வேண்டும், நாற்றுக்கட்டுத் தூக்கி வரும் பெண்களுக்கு எல்லோரும் இறங்க வேண்டும், மாமனும் மச்சானும் எதிர்ப்பட்டால் இருவருமே இறங்கிவிட்டு வரப்பைக் காலியாக வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"என்ன மாமா, தண்ணி எட்டிப் பாத்துச்சா?"

"தலமடக்காரன் மனசு வெச்சாத்தானே மாப்ள."

இவ்விதிகள் புதியவை. இவற்றுக்கு முன் ஒரே விதிதான் இருந்தது. சாதியும் நிலமும் உள்ளவர் வரப்பில் வருவார், மற்றவர் சேற்றில் இறங்கி நிற்பார்; அவர் தலையில் நெல்மூட்டை இருந்தாலும் சரி. 1952-ல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வாரத்தையும் கூலியையும் பற்றிப் பேசியது. வரப்பில் யார் ஒதுங்குவது என்பதை எந்தச் சட்டமும் எழுதவில்லை. செங்கொடிச் சங்கங்களில் சேர்ந்தவர்கள் இறங்க மறுத்துத்தான் அதை மாற்றினார்கள். ஆளுமை வளர்ச்சி என்ற சொல்லுக்கு டெல்டாவில் உருப்படியான பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்றதெல்லாம் காப்பி ஆறுவதற்குள் முடியும் பேச்சு.

இப்போது நான்காவது அறிவுரை, கோபம். வரப்பின் சரிவைச் செதுக்கிப் புல்லைக் கழித்துச் சேறு பூசும் வேலைக்கு அண்டை வெட்டுதல் என்று பெயர். சாகுபடிதோறும் இரு பக்கத்துக்காரரும் வெட்டுவார்கள். அவரவர் மண்வெட்டி அவரவர் பக்கம் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கும் என்பது மனித இயல்பு. விளைவாக வரப்பு மெலிகிறது. நடப்பவரின் சமநிலைப் பயிற்சி கடினமாகிறது. பக்கத்து வயல்காரரைப் பார்த்ததும் நாடித்துடிப்பு நடக்காமலே ஏறுகிறது. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தால் காணாமல் போன இடம் அரைக்குழி தேறும்; நூறு குழி சேர்ந்தால்தான் ஒரு மா. வழக்குச் செலவு அரை மா தேறும். ஆயினும் வழக்கு நடக்கிறது. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் கோர்ட்டுக்கு அலைவதையும் நடையில் சேர்த்தால் பத்தாயிரம் காலடி எளிதில் வந்துவிடும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு. சில நாளில் கல்லணை திறந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரியும். அது கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் அங்குள்ளவர்கள் வாய்க்கால் தலைப்புக்கும் வயலுக்குமாக நடந்து தீர்த்திருப்பார்கள். தலைமடைக்காரரைவிடக் கடைமடைக்காரர் மெலிந்திருப்பதற்கு உடற்பயிற்சி மட்டும் காரணமில்லை என்பதை நேர்மையான ஆய்வாளன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலின் வரப்பு வழுக்கும். அப்போது நடப்பவர்கள் பெருவிரலை மண்ணில் அழுத்தி, பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்கள். நகரவாசிகள் வந்து முயன்றால் நாற்று நசுங்கும்.

வெறுங்காலில் நடந்தால் பூமியின் சக்தி உடம்பில் ஏறும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெறுங்காலில் ஏறுவது பெரும்பாலும் கொக்கிப்புழு. காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி. இருட்டில் போனால் கண்ணாடிவிரியனும் இருக்கும். டார்ச் விளக்கும் ரப்பர் பூட்சும் பாரம்பரியத்துக்கு விரோதமில்லை.

இந்தப் பழக்கம் இப்போது தேய்ந்துவருகிறது. மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே போடலாம். பைக்கை ரோட்டோரம் நிறுத்தி, உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பயிரைப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களே சாயங்காலம் டவுனில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள், டாக்டர் சொன்னாராம். மைதானத்தில் நண்டு வளை கிடையாது.

இதைப் படித்துவிட்டு டெல்டாவுக்கு வந்து வரப்பில் நடக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உளுந்தை மிதிக்காதீர்கள். எதிரே மண்வெட்டியோடு ஆள் வந்தால் நீங்களே வயலில் இறங்கிவிடுங்கள். அவருக்கு மடை அடைக்க நேரமாகிறது.