நாலு டேபிள் மாப்பிள்ளை

நெருளில் மும்பை ஹார்பர் லோக்கல் ஏறினால், வாஷி பாலம் வருமுன் என் மைத்துனன் நாலு டேபிளில் உட்கார்ந்துவிடுவான். உடம்பு கம்பியைப் பிடித்துத் தொங்கும். உட்கார்ந்திருப்பது போக்கர் ஆப்பில். "வால்யூம்தான் அத்தான் முக்கியம். ஆடிக்கிட்டே இருந்தா ஆட்டம் தானா படியும்" என்பான். படிந்தது கட்டைவிரல் மட்டும்.

போக்கர் திறமை ஆட்டம் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். "சரிதாம்ல, உன் திறமை எங்க?" என்றாள் அவள்.

அவன் பக்கமும் நியாயம் உண்டு. ஜோடி ஏஸ் 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், வந்தாலும் தோற்கலாம். 2017-இல் பிட்ஸ்பர்கில் லிப்ரட்டஸ் என்ற கணினி நிரலை நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். யார் கெட்டி என்று பார்க்க 1,20,000 கைகள் தேவைப்பட்டன. "பாத்தீங்களா, வால்யூம்!" என்றான். மீதியைச் சொல்லுமுன் ஏதோ ஒரு டேபிளில் அவன் முறை வந்துவிட்டது. மீதி இதுதான்: பகலில் ஆடிய நிரல், எதிராளிகள் கண்டுபிடித்த ஓட்டைகளை ராத்திரியெல்லாம் சூப்பர் கம்ப்யூட்டரில் அடைத்துக்கொண்டிருந்தது. இவனும் ராத்திரி உட்காருவான், கூடுதலாக இரண்டு டேபிளில். காசு கொடுத்து வாங்கிய பயிற்சி வீடியோக்கள் சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்கள்போல லேப்டாப்பில் இருந்தன.

தமிழ்நாட்டில் 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை வந்தது. அந்த ஆடியில் கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போனோம். ஊரே கண்விழித்த ராத்திரியில் மாப்பிள்ளை ஒருவன்தான் குறட்டை விட்டான்.

ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண ஆட்டத்தையே நாடு முழுக்கத் தடை செய்தது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. வால்யூம் பூஜ்யம். வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தான். எந்த இடத்திலிருந்து எந்தக் கையை ரெய்ஸ் பண்ணலாம், எதை மடக்க வேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஜுய்நகர் வருமுன் எனக்கே இரண்டு பாடம் எடுத்துவிடுவான்.

பரீட்சை எழுத இப்போது இலவச சில்லு டேபிள்தான் இருக்கிறது. போன வாரம் முகம் சிவந்து வந்தான்.

"அத்தான், ஏழும் ரெண்டும் வெச்சிக்கிட்டு ஒருத்தன் ஆல்-இன் போறான்! அதைவிட மட்டமான கையே கிடையாது. எந்தப் பாடத்துல இருக்கு இது?"

"தோத்தானா?"

"ஜெயிச்சிட்டான். அதான் வயிறு எரியுது."